கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பாத்துட்டு ட்ரெய்லர் வாங்குங்க

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், "பிக்கப் இருக்கு, பெரிய ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் வாங்கிட்டு ஃபேமிலியோட அமெரிக்கா சுத்தலாம்னு இருக்கோம், வண்டி தாங்குமா?" ஃபிஃப்த் வீல்னா பிக்கப் ட்ரக்கோட பெட்டுக்குள்ள, அதாவது பின்பக்கத் தொட்டிக்குள்ள, மூக்கை வச்சு மாட்டுற வீட்டு ட்ரெய்லர். ஆளாளுக்கு வண்டி வேற, ட்ரெய்லர் வேற, ஆனா எல்லாரும் சறுக்குற இடம் ஒண்ணுதான், அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க இதுக்கே விட்டாச்சு. மத்த கேள்வி அனுப்புனவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

கேள்வி: அண்ணே, என்கிட்ட முக்கால் டன் (ஹாஃப் டன், முக்கால் டன், ஒரு டன்ங்கிறது பிக்கப்போட சைஸ் பேர்) டீசல் பிக்கப் இருக்கு, க்ரூ கேப் (ரெண்டு வரிசை சீட்), ஃபோர் பை ஃபோர், கொஞ்சம் லக்சுரி மாடல். கம்பெனி வெப்சைட்ல 18,000 பவுண்டுக்கு மேல இழுக்கும்னு போட்டுருக்கான். நாங்க பாத்து வச்சிருக்க ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் ஃபுல் லோடுல 14,000 பவுண்ட், காலியா 11,300, ஹிட்ச் (ட்ரக்கையும் ட்ரெய்லரையும் மாட்டுற இணைப்பு) வெயிட் 2,150னு ப்ரோஷர்ல இருக்கு. டீலர் "இதெல்லாம் அசால்ட்டா இழுக்கும் சார்"னு சொல்றார். நான், மனைவி, ரெண்டு பசங்க, ஒரு நாய். வாங்கலாமா? (வாசகர், டெக்சஸ்)

பதில்: தம்பி, டீலர் சொன்னது பொய் இல்ல, இழுக்கும், ஆனா இழுக்குறது வேற சுமக்குறது வேற, வண்டிமாடு பெரிய பாரத்தைக் கூட அசராம இழுத்துட்டுப் போகும், அதையே தூக்கி முதுகுல வச்சா என்ன ஆகும்? ஃபிஃப்த் வீல்ல நடக்குறது இந்த ரெண்டாவது விஷயம். ட்ரெய்லரோட மூக்கு உங்க ட்ரக் பெட்டுக்குள்ள, பின் ஆக்சிலுக்கு நேர் மேலயோ துளி முன்னாடியோ வந்து உக்காருது. ட்ரெய்லர் மூக்குக்குக் கீழ இருக்க கிங்பின்ங்கிற மாட்டுற ஆணி வழியா இறங்குற அந்த எடையத்தான் பின் வெயிட்னு சொல்றோம் (கிங்பின்ல வர்ற 'பின்', பின்பக்கம் இல்ல), அது கிட்டத்தட்ட முழுசா உங்க பின் ஆக்சில் தலைமேலதான். இஞ்சின் எத்தன டார்க் (இழுவை சக்தி) கொடுத்தாலும் ஸ்பிரிங்கும் டயரும் ஆக்சிலும்தான் அதைத் தாங்கியாகணும்.

அதனால வெப்சைட்ட மூடிட்டு ட்ரக்கோட ட்ரைவர் சைடு கதவைத் திறங்க. கதவு மூடுற தூண் பக்கத்துல மஞ்சளும் வெள்ளையுமா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், டயர் சைஸ், காத்து எவ்வளவுன்னு போட்டுட்டு, ஆளுங்களும் சாமானும் சேந்து இத்தன கிலோ, இத்தன பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு வரி இருக்கும். அதுதான் பேலோட். அது மாடலுக்குப் பொதுவான நம்பர் இல்ல, ஃபேக்டரில இருந்து வெளிய வந்தப்ப உங்க வண்டி என்னென்ன ஆப்ஷனோட வந்துச்சோ அதுக்கான நம்பர். அதே மாடல்ல பக்கத்து வீட்டுக்காரர் வச்சிருந்தாலும் அவர் ஸ்டிக்கர்ல வேற நம்பர் இருக்கலாம்.

நீங்க ஸ்டிக்கர் நம்பரை எழுதல, ஆனா முக்கால் டன் டீசல் க்ரூ கேப் ஃபோர் பை ஃபோர்னா நிறைய வண்டில மொத்த எடை லிமிட், அதாவது ஜி.வி.டபிள்யூ.ஆர்., சரியா 10,000 பவுண்ட்ல நிக்கும். அந்த நம்பர் ஏதோ தற்செயலா வந்தது இல்ல, 8,501ல இருந்து 10,000 வரைக்கும் ஒரு கிளாஸ், 10,001 தாண்டினா அடுத்த கிளாஸ், ரெஜிஸ்ட்ரேஷன், சில ரூல்ஸ் எல்லாம் மாறும், அதனால கம்பெனிக்காரன் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிப்பாட்டிடுறான். ஆனா டீசல் இஞ்சின், ஃபோர் பை ஃபோர், சன்ரூஃப், லெதர் சீட், பவர் ஸ்டெப்னு ஏத்தி வச்ச வண்டி தானே 7,600 பவுண்ட் வந்துடும். மிச்சம் 2,400 சொச்சம். உங்களுதுல 2,380ன்னு வச்சுக்கிட்டு கணக்குப் போடுவோம்.

முதல்ல அந்த ப்ரோஷர் ஹிட்ச் வெயிட் 2,150ஐ அடிச்சு விடுங்க. அது காலி ட்ரெய்லருக்கான நம்பர், தண்ணி இல்ல, பேட்டரி இல்ல, கேஸ் சிலிண்டர்ல கேஸ் இல்ல, உங்க சட்டி பானை துணிமணி எதுவும் இல்ல. ஃபிஃப்த் வீல்ல பெட்ரூம் எங்க இருக்கு? முன்னாடி, ட்ரக் பெட்டுக்கு மேல. துணி அலமாரி எங்க? அங்கதான். பேட்டரி, ஜெனரேட்டர், பெரிய ஸ்டோரேஜ்? அதுவும் முன்பக்கம்தான். ஆக நீங்க ஏத்துற சாமான்ல நல்ல பங்கு நேரா கிங்பின்லதான் போய் உக்காரும். அதனால காலி எடையை விட்டுட்டு ட்ரெய்லரோட ஜி.வி.டபிள்யூ.ஆர்.ல 20 பர்சன்ட் எடுங்க, பெரிய லக்சுரி ட்ரெய்லர்னா 22 முதல் 25 வரைக்கும் கூட வரும். உங்களுக்கு 14,000ல 20 பர்சன்ட் 2,800 பவுண்ட். பாத்தீங்களா, ஹிட்ச்சே இன்னும் மாட்டல, நீங்களே இன்னும் வண்டில ஏறல, பேலோட் காலி.

இனி மிச்சத்தையும் ஏத்துவோம். ஃபிஃப்த் வீல் ஹிட்ச் 180. நாலு பேர் 620. நாய் 60. டூல்ஸ், கூலர், லெவலிங் ப்ளாக், அது இதுன்னு 150. பின் வெயிட்டோட சேத்தா 3,810. ஸ்டிக்கர் 2,380. 1,430 பவுண்ட் ஓவர். இது "கொஞ்சம் கூடத்தான்"னு விடுற கணக்கு இல்ல.

இப்ப தலைகீழாப் பாருங்க, அதுதான் கடைக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் செய்ய வேண்டிய கணக்கு. 2,380ல ஹிட்ச், ஆளுங்க, நாய், சாமான் எல்லாம் சேந்த 1,010 போனா 1,370 மிச்சம். பின் வெயிட் அதுக்குள்ள இருக்கணும்னா, 20 பர்சன்ட் கணக்குல ட்ரெய்லர் 6,850 பவுண்டுக்குள்ள இருக்கணும். அந்த எடைல குடும்பத்தோட தங்குற மாதிரி ஃபிஃப்த் வீல் தேடுனா பெருசா ஒண்ணும் சிக்காது. அதே ட்ரக்குல பம்பர் புல் ட்ரெய்லர்னா, அதாவது ட்ரக்கோட பின் பம்பர் பக்கம் மாட்டி இழுக்குறதுன்னா, ஹிட்ச்ல இறங்குறது 10ல இருந்து 15 பர்சன்ட்தான், எடையைப் பரப்பி விடுற வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சுக்கு ஒரு 100 போட்டாலும் 9,500 பவுண்ட் ட்ரெய்லர் வரைக்கும் வரும், ட்ரக் பின்னாடி அதை மாட்டுற ரிசீவர் ஹிட்ச்ல ஒட்டியிருக்க லிமிட்டை மட்டும் ஒரு தடவை பாத்துக்கோங்க. ஆக உங்க ட்ரக் மோசம் இல்ல, அதுக்குப் பொருந்தாத ட்ரெய்லரைப் பாத்துட்டு வந்திருக்கீங்க.

இல்ல, அந்த 14,000 பவுண்ட் வீடுதான் வேணும், பசங்களுக்கு பங்க் ரூம் (அடுக்குக் கட்டில் ரூம்) பிடிச்சுப் போச்சுன்னா, ட்ரக்கை மாத்தணும். ஒரு டன் வண்டி, பின்னாடி ரெண்டு டயர் மட்டும் இருக்குறது, பேலோட் 4,000 பக்கம் இருக்குற மாதிரி கிடைச்சா உங்க 3,810 இடிச்சுக்கிட்டு உள்ள போகும், அதுலயும் பின் ஆக்சில் லிமிட்டைத் தனியாப் பாக்கணும். நான் சொல்றதுன்னா 14,000ல இருந்தே டூவலிய, அதான் பின்னாடி நாலு டயர் வச்ச வண்டிய, யோசிக்க ஆரம்பிக்கலாம், 16,000 தாண்டினா வேற பேச்சே வேணாம். அதுல ஜி.வி.டபிள்யூ.ஆர். 14,000 வரைக்கும் வரும், பேலோட் 5,000க்கு மேல சாதாரணமாக் கிடைக்கும். பார்க்கிங் கஷ்டம், ட்ரைவ் த்ரூல காப்பி வாங்கப் போனா பின் ஃபெண்டர் இடிக்கும், உண்மைதான். ஆனா நீங்க காப்பி வாங்கவா ட்ரக் வாங்குறீங்க.

ஒரே வரிசைய மட்டும் மாத்திப் போடாதீங்க: முதல்ல ட்ரெய்லரை முடிவு பண்ணுங்க, அப்புறம் ட்ரக். ட்ரக் ஏற்கனவே இருந்தா ஸ்டிக்கரை ஃபோட்டோ எடுத்து ஃபோன்ல வச்சுக்கிட்டு ட்ரெய்லர் லாட்டுக்குப் போங்க.

கேள்வி: அப்ப அந்த டோ ரேட்டிங் நம்பர், அதான் இவ்வளவு இழுக்கும்னு கம்பெனி சொல்றது, எதுக்கு சார் போடுறாங்க? ஏமாத்து வேலையா? (வாசகர், இல்லினாய்ஸ்)

பதில்: ஏமாத்து இல்ல சார். முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோணுன மாதிரி அளந்துட்டு இருந்தாங்க, அப்புறம் எஸ்.ஏ.இ.ங்கிற வண்டி இஞ்சினியர்கள் சங்கத்தோட ஜே2807ன்னு ஒரு பொது டெஸ்ட் வந்துச்சு, டொயோட்டா முதல்ல எடுத்துக்கிட்டாங்க, மத்த பெரிய கம்பெனிங்க கொஞ்சம் லேட்டா வந்து சேந்தாங்க. அரிசோனால டேவிஸ் டேம் மேட்டுல, வெயில் கொளுத்துற நேரத்துல, ஏசிய ஃபுல்லாப் போட்டுட்டு ட்ரெய்லரோட ஏறணும், ஸ்பீடு 40 மைலுக்குக் கீழ இறங்கக்கூடாது, டூவலின்னா 35. இஞ்சின் சூடாகுதா, கியர்பாக்ஸ் தாங்குதா, நின்ன இடத்துல இருந்து கிளம்புமா, எல்லாம் பாக்குறாங்க. ஒழுங்கான டெஸ்ட்தான்.

சிக்கல் எங்கன்னா, விளம்பரத்துல வர்ற பெரிய நம்பர் அந்த மாடல் வரிசையிலயே இழுக்க ரொம்பத் தோதா இருக்குற ஒரு வண்டிக்கு, அனேகமா ரெகுலர் கேப், டூ வீல் ட்ரைவ், ஆக்சில் ரேஷியோ (ஆக்சில் கியர் விகிதம், நம்பர் கூடுனா இழுவை கூடும்) 4.10, 4.30ன்னு உசத்தியா இருக்குறது. டெஸ்ட்ல ரெண்டு பேர் தலைக்கு 150 பவுண்ட்னு மட்டுந்தான் கணக்கு. நீங்க வச்சிருக்கது க்ரூ கேப் 3.31 ரேஷியோ வண்டின்னா அதுக்கு அந்த நம்பர் வராது. உங்களுக்கு உண்டான நம்பர் வேணும்னா ஜி.சி.டபிள்யூ.ஆர்.னு ஒண்ணு இருக்கு, ட்ரக்கும் ட்ரெய்லரும் சேந்து எவ்வளவு வரலாங்கிற லிமிட், அது கம்பெனியோட டோயிங் கைடுல உங்க இஞ்சின், கேப், ரேஷியோக்கு நேரா இருக்கும். அதுல இருந்து ஆளும் சாமானும் ஏத்துன உங்க ட்ரக் எடையைக் கழிங்க. ஆனா ஃபிஃப்த் வீல்ல பெரும்பாலும் இந்த லிமிட்டைத் தொடுறதுக்கு ரொம்ப முன்னாடியே பேலோட் முடிஞ்சு போயிருக்கும், ஹாஃப் டன், முக்கால் டன் வண்டில நிச்சயமா.

கேள்வி: ட்ரக் ஸ்பிரிங்குக்குத் துணையா ஏர் பேக் (காத்துப் பை) போட்டா பேலோட் கூடும்னு ஒரு மெக்கானிக் சொன்னார். போடலாமா? (வாசகர், ஜார்ஜியா)

பதில்: போடுங்க, வண்டி பின்னாடி குந்தாம லெவலா நிக்கும், ஹெட்லைட் எதுக்க வர்றவன் கண்ணுல அடிக்காது. பேலோட் ஒரு பவுண்ட் கூட கூடாது. ஸ்டிக்கர் நம்பர் ஸ்பிரிங்கை மட்டும் வச்சுப் போட்டது இல்ல, ஆக்சில், பேரிங், வீல், டயர், ப்ரேக், ஃப்ரேம் எல்லாம் அதுல இருக்கு. ஏர் பேக் சாமானே ஒரு எடை, அதையும் பேலோட்லதான் கழிக்கணும்.

கேள்வி: டீசலா பெட்ரோலா? வீட்டுல தினம் சண்டை. ட்ரெய்லர் 12,000 பவுண்ட், வருஷத்துக்கு ஒரு தடவை கொலராடோ போவோம், மத்தபடி பக்கத்து ஸ்டேட் பார்க்தான். (வாசகி, கேன்சஸ்)

பதில்: அக்கா, இதுல ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. டீசல் இஞ்சின் பெட்ரோல் இஞ்சினை விட பல நூறு பவுண்ட் எடை கூட, அந்த எடை நேரா உங்க பேலோட்லதான் கழியும். அதே ஒரு டன் வண்டி, அதே கேப், பெட்ரோல்ல எடுத்தா ஸ்டிக்கர்ல நல்ல நம்பர் வரும், விலையும் பல ஆயிரம் டாலர் கம்மி, டி.இ.எஃப். (டீசல் புகையச் சுத்தம் பண்ற திரவம்) ஊத்துற வேலையும் இல்ல. நிறைய பேர் டீசல் எடுத்துட்டு, எடுத்ததாலயே பேலோட் பத்தாம முழிக்கிறாங்க, இத யாரும் ஷோரூம்ல சொல்றது இல்ல.

ஆனா மலைக்குப் போனா கதை மாறும். டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமாரா 3 பர்சன்ட் பவரை விடும், கொலராடோல ஐ-70 ஹைவேல ஐசனோவர் டனல் 11,158 அடில இருக்கு, அங்க போறப்ப உங்க பவர்ல மூணுல ஒரு பங்கு போயிருக்கும். டீசல்ல டர்போ இருக்குறதால அந்த அடி ரொம்பத் தெரியாது. ஏறுறது கூடப் பரவால்ல, ட்ரக் லேன்ல மெதுவா ஏறிக்கலாம், யாரும் விரட்டல. இறங்குறதுதான் விஷயம். டனல் தாண்டி டென்வர் பக்கம் இறங்குறப்ப 6, 7 பர்சன்ட் சரிவு மைல் கணக்குல வரும், டீசல்ல எக்ஸாஸ்ட் ப்ரேக்க (புகைய அடைச்சு இஞ்சினாலயே வேகத்தைக் குறைக்கிறது) ஆன் பண்ணிட்டு கால ப்ரேக்ல வைக்காமலே பாதி தூரம் இறங்கிடலாம். பெட்ரோல் வண்டில கியரைக் குறைச்சு, இஞ்சின் கத்துறதைக் கேட்டுக்கிட்டு, அப்பப்ப அழுத்தி விட்டு விட்டு இறங்கணும். தொடர்ந்து லேசா மிதிச்சுக்கிட்டே வந்தீங்கன்னா ப்ரேக் சூடாகி பெடல் பஞ்சு மாதிரி ஆயிடும். கத்துக்கிட்டா முடியாதது இல்ல, ஆனா கத்துக்கணும்.

உங்க கணக்குக்கு, வருஷம் ஒரு தடவை மலை, மத்ததெல்லாம் சமவெளின்னா, நான் ஒரு டன் பெட்ரோல் 4.10 இல்லாட்டி 4.30 ரேஷியோல எடுப்பேன். வருஷத்துக்கு நாலு தடவை மலைன்னா டீசல். ட்ரெய்லர் 15,000 தாண்டுனா மலை இருந்தாலும் இல்லாட்டியும் டீசல்தான். சண்டைய இதுக்கு மேல நீங்களே பாத்துக்கோங்க.

கேள்வி: ஷார்ட் பெட் வண்டில ஃபிஃப்த் வீல் மாட்டலாமா? திரும்பும்போது கேபின் கண்ணாடிய உடைக்கும்னு பயமுறுத்துறாங்க. (வாசகர், நார்த் கரோலினா)

பதில்: மாட்டலாம், நிறைய பேர் ஓட்டுறாங்க. ட்ரெய்லர் அகலம் 102 இஞ்ச் வரைக்கும் வரும், அதுல பாதி 51 இஞ்ச். ட்ரக் 90 டிகிரி மடங்குறப்ப ட்ரெய்லரோட முன்மூலை கிங்பின்ல இருந்து குறைஞ்சது அத்தன தூரம் கேப் பக்கமா வரும், முன்பக்கம் தட்டையா இருந்தா மூலை இன்னும் கூட நீளும். எட்டடி பெட்ல இடம் இருக்கு, ஆறரை அடில இழுபறி, ஹாஃப் டன்ல வர்ற அஞ்சரை அடில நினைச்சே பாக்காதீங்க. இப்ப வர்ற நிறைய ட்ரெய்லர்ல முன்மூலைய உள்ள வளைச்சு செதுக்கியே விடுறாங்க, அதனால ஆறரை அடில சாதாரண ஹிட்ச்லயே ஓட்டுறவங்களும் இருக்காங்க. ஆனா ரிவர்ஸ் எடுக்கும்போது, அதுவும் இருட்டுல கேம்ப்கிரவுண்ட்ல, மனைவி ஒரு பக்கம் கத்த பசங்க ஒரு பக்கம் கத்த, எத்தன டிகிரி மடங்கியிருக்குன்னு யாருக்குக் கணக்குத் தெரியும். ஸ்லைடிங் ஹிட்ச் போட்டுடுங்க. கையால லீவர் இழுத்துப் பின்னாடி தள்ளுறதும் இருக்கு, திரும்பும்போது தானா நகர்றதும் இருக்கு, தானா நகர்றது விலையும் எடையும் கூட, 200 பவுண்டை அசால்ட்டாத் தாண்டும், அதையும் பேலோட்ல எழுதிக்கோங்க.

எல்லாரும் மறக்குற இன்னொண்ணு உயரம். ட்ரெய்லரோட அடிப்பக்கத்துக்கும் ட்ரக் பெட்டோட ஓரச் சுவருக்கும் நடுவுல ஆறு இஞ்சாவது வேணும், இல்லன்னா பெட்ரோல் பங்க் வாசல்ல ஒரு பள்ளத்துல இறங்கும்போது இடிச்சுடும். இதுக்காக ஹிட்ச்ச ஏத்திக்கிட்டே போனா ட்ரெய்லர் மூக்கு வானத்தைப் பாத்து நிக்கும், ட்ரெய்லரோட பின்பக்க ஆக்சில் மேல லோட் கூடிடும், டயர் முதல்ல அங்கதான் வெடிக்கும். ட்ரக்கை உயரமாக்குற லிஃப்ட் கிட் போட்டிருந்தா கழட்டிட்டு வாங்க.

கேள்வி: பேப்பர்ல கணக்கு சரி, நிஜ எடைய எப்படித் தெரிஞ்சுக்கறது? (வாசகர், டென்னசி)

பதில்: லாரிக்காரங்க நிக்கிற ட்ரக் ஸ்டாப்புக்குப் போங்க, கேட் (CAT) ஸ்கேல்னு எடை மேடைக்குப் பெரிய போர்டு இருக்கும், பத்துப் பதினஞ்சு டாலர் ஆகும், உடனே ரெண்டாவது தடவை போட்டா அதுக்குக் கம்மியாத்தான் வாங்குவாங்க. ட்ரெய்லர் வாங்கி சாமான் எல்லாம் ஏத்தி முதல் ட்ரிப் கிளம்புற அன்னைக்கே போயிடுங்க. ஸ்கேல்ல மூணு தட்டு இருக்கும், ட்ரக் முன் வீல் முதல் தட்டுல, பின் வீல் ரெண்டாவதுல, ட்ரெய்லர் வீல் எல்லாம் மூணாவதுல நிக்குற மாதிரி நிறுத்தணும். பக்கத்துல பட்டன் இருக்கும், அமுக்கி முதல் வெயிட்னு சொன்னா உள்ள இருக்கவங்க போடுவாங்க, ஃபோன் ஆப்லயும் பண்ணலாம். அப்புறம் ட்ரெய்லரை ஓரமாக் கழட்டி வச்சுட்டு, அதே ஆளுங்க, அதே டீசல் அளவு, ஹிட்ச் எல்லாம் அப்படியே வச்சு ட்ரக்கை மட்டும் மறுபடி போடுங்க. டீசல் கேலனுக்கு 7 பவுண்ட், டேங்க் பாதியா ஃபுல்லாங்கிறதே 100 பவுண்டுக்கு மேல மாறும், அதனால ஃபுல் பண்ணிட்டுப் போடுறது நல்லது.

ஒரு உதாரணம். ட்ரக் மட்டும்: முன்னாடி 4,720, பின்னாடி 3,520, மொத்தம் 8,240. ட்ரெய்லரோட: முன்னாடி 4,700, பின்னாடி 6,380, ட்ரெய்லர் வீல் 10,900. இப்ப ட்ரக் மேல 11,080 நிக்குது, அதுல 8,240 போனா 2,840, அதுதான் உங்க உண்மையான பின் வெயிட். ட்ரெய்லர் மொத்தம் 10,900 கூட 2,840, அதாவது 13,740, பின் வெயிட் 20.7 பர்சன்ட், ஆரோக்கியமான நம்பர். முன் ஆக்சில் எடை கிட்டத்தட்ட மாறவே இல்ல பாருங்க, எல்லாம் பின்னாடிதான் விழுந்திருக்கு, அதத்தான் முதல் பதில்ல சொன்னேன்.

இனி ஒவ்வொண்ணா ஒப்பிடுங்க. 11,080 கதவுல இருக்க ஜி.வி.டபிள்யூ.ஆருக்குள்ள இருக்கா. பின் ஆக்சில் 6,380 அங்கயே எழுதியிருக்க பின் ஆக்சில் லிமிட்டுக்குள்ள இருக்கா. டயர்ல ஒவ்வொண்ணும் எவ்வளவு தாங்கும்னு பக்கவாட்டுலயே எழுதியிருக்கும், லோட் ரேஞ்ச் ஈ (பாரம் தாங்குற ரகம்) டயர்னா அனேகமா 80 பி.எஸ்.ஐ. காத்துல 3,200ல இருந்து 3,700 பவுண்ட் வரைக்கும் சைஸைப் பொறுத்து, ரெண்டு டயரைக் கூட்டி 6,380க்கு மேல வருதான்னு பாருங்க. 3,200 டயர்னா 6,400, வெறும் 20 பவுண்ட் மிச்சம், ஜூலை மாச ரோட்டுல அப்படிப் போகாதீங்க. காத்தையும் காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாதப்ப செக் பண்ணுங்க. அப்புறம் மொத்தம் 21,980, இது டோயிங் கைடுல இருக்க ஜி.சி.டபிள்யூ.ஆருக்குள்ள இருக்கா.

ஒரு விஷயம், 10,000 பவுண்டுக்கு மேல ஜி.வி.டபிள்யூ.ஆர். இருக்க ட்ரக்குல அந்த மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தே ஆகணும்னு சட்டம் இல்ல. இல்லன்னா பதறாதீங்க, ஜி.வி.டபிள்யூ.ஆர். போட்ட இன்னொரு லேபிள் கதவுலயே இருக்கும், அதுல இருந்து ட்ரக் மட்டும் நின்ன ஸ்கேல் எடையைக் கழிச்சுக்கோங்க, சொல்லப்போனா அதுதான் ஸ்டிக்கரை விட சரியான நம்பர்.

கேள்வி: இவ்வளவு பெரிய ட்ரெய்லர் ஓட்ட சாதாரண லைசன்ஸ் போதுமா? (வாசகர், கலிஃபோர்னியா)

பதில்: ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். உங்க கலிஃபோர்னியால ஃபிஃப்த் வீல் ஜி.வி.டபிள்யூ.ஆர். 10,000 தாண்டி 15,000க்குள்ள இருந்தா இருக்கற கிளாஸ் சி லைசன்ஸோட ஒரு எண்டார்ஸ்மென்ட் (கூடுதல் அனுமதி) வாங்கணும், 15,000 தாண்டுனா நான்-கமர்ஷியல் (வணிகம் அல்லாத) கிளாஸ் ஏ, எழுத்துத் தேர்வும் வண்டி ஓட்டிக் காட்டுறதும் உண்டு. ட்ரெய்லர் இழுக்குறவங்களுக்கு அங்க ஹைவேல 55 மைல்தான் லிமிட், மத்தவங்க பறந்தாலும் நீங்க பறக்காதீங்க. முதல் கேள்வி கேட்ட டெக்சஸ் தம்பியும் இத கவனிங்க: உங்க ஊர்ல ட்ரக், ட்ரெய்லர் ரெண்டோட ஜி.வி.டபிள்யூ.ஆரையும் கூட்டி 26,001 அல்லது அதுக்கு மேல வந்து, ட்ரெய்லர் 10,000 தாண்டியிருந்தா, சொந்த உபயோகத்துக்குக் கூட நான்-கமர்ஷியல் கிளாஸ் ஏ வேணும். உங்க பழைய ட்ரக் 10,000, ட்ரெய்லர் 14,000, மொத்தம் 24,000, தப்பிச்சீங்க. நான் சொன்னேன்னு 14,000 டூவலி எடுத்தீங்கன்னா 28,000 ஆயிடும், போய் டெஸ்ட் எழுதுங்க. லைசன்ஸ் ஆபீஸ்ல ஒரு தடவை கேட்டுக்கிட்டு வண்டிக்கு அட்வான்ஸ் கொடுங்க.

கேள்வி: ஸ்கேல்ல போட்டுப் பாத்தோம், ட்ரக் 350 பவுண்ட் ஓவர். வீட்டுக்காரர் "மெதுவா ஓட்டுனா ஒண்ணும் ஆகாது"ங்கறார். எதையாவது இறக்கி சரி பண்ண முடியுமா? எங்களுது டாய் ஹாலர், ட்ரெய்லருக்குள்ள பின்னாடி சின்ன வண்டி ஏத்துற கராஜ் இருக்கு. (வாசகி, ஓஹையோ)

பதில்: மெதுவா ஓட்டுறது நல்லதுதான் அக்கா, ஆனா முன்னாடி போறவன் திடீர்னு நிறுத்துனா அந்த 350 பவுண்டும் சேந்துதான் நிக்கணும், டயரும் வேகத்தைப் பாத்து எடைய மன்னிக்காது. 350ங்கிறது சரி பண்ணிடலாம். முதல்ல ட்ரக் பெட்ல என்னென்ன இருக்குன்னு பாருங்க, பெரிய டூல்பாக்ஸ், விறகு, ரெண்டாவது கூலர், அதெல்லாம் ட்ரெய்லருக்குள்ள ஆக்சிலுக்கு நேர் மேல மாத்துனா ட்ரக்குல இருந்து முழுசா இறங்கிடும். அடுத்து தண்ணி, கேலனுக்கு 8.3 பவுண்ட், 60 கேலன் டேங்க்னா 500 பவுண்ட். டேங்க் ஆக்சிலுக்கு முன்னாடி இருந்தா காலியா ஓட்டுங்க, போற இடத்துல ரொப்பிக்கலாம். ஆக்சிலுக்குப் பின்னாடி இருந்தா அது பின் வெயிட்டைக் குறைக்கத்தான் செய்யும், அப்ப காலி பண்ணுனா ட்ரக் மேல இன்னும் ஏறும், அதனால டேங்க் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்துட்டுச் செய்யுங்க. முன்பக்க அலமாரில இருக்க டின் சாமான், புத்தகம், இரும்புச் சட்டி எல்லாத்தையும் கிச்சன் பக்கம் கொண்டு வாங்க.

டாய் ஹாலர்ல ஒரு வினோதம் இருக்கு, நீங்க சொன்ன 350 எப்ப எடுத்தது? கராஜ் காலியாவா, உள்ள வண்டி ஏத்தியா? கராஜ் ஆக்சிலுக்குப் பின்னாடி இருக்குறதால அங்க 1,000 பவுண்ட் சைடு பை சைடு (காட்டுப் பாதைல ஓட்டுற சின்ன வண்டி) ஏத்துனா பின்பக்கம் அமுங்கி மூக்கு லேசாகும், பின் வெயிட் குறையும். கம்பெனிக்காரனும் அது தெரிஞ்சுதான் காலியா இருக்கும்போது பின் வெயிட் அதிகமா இருக்குற மாதிரி கட்டுறான். அதனால வண்டி இல்லாம சும்மா கேம்பிங் போறப்பதான் உங்க ட்ரக்குக்கு அதிகக் கஷ்டம், நிறைய பேர் தலைகீழா நினைச்சுக்கறாங்க. ரெண்டு மாதிரியும் ஒரு தடவை ஸ்கேல்ல போடுங்க. காலியா போறப்ப கராஜ்ல பின் சுவர் ஓரமா சாமான வச்சு சமன் பண்ணலாம், கட்டி வைக்காம விடாதீங்க. ஆனா பின்னாடியே அள்ளிப் போட்டு பின் வெயிட் 15 பர்சன்டுக்குக் கீழ இறங்கிடுச்சுன்னா ட்ரெய்லர் நிலையில்லாம ஆட ஆரம்பிக்கும், அது ஓவர்லோடை விட மோசம். 18லருந்து 22க்குள்ள நிப்பாட்டுங்க, எல்லாத்தையும் மாத்தி அடுக்குனதுக்கு அப்புறமும் ட்ரக் ஓவரா இருந்தா, இறக்க வேண்டியது வீட்டுக்காரரோட ட்ரக் பெட்ல போல்ட் போட்டு வச்சிருக்க அந்த எக்ஸ்ட்ரா டீசல் டேங்கான்னு ஒரு தடவை போய்ப் பாருங்க. ஃபுல்லா ரொப்புன 50 கேலன் டேங்க்னா டீசல் மட்டுமே 350 பவுண்ட்.